மூன்றில் ஒரு பங்கு

என் பள்ளி நாட்களில் ஆங்கிலத் தாளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். நீண்ட பத்தி ஒன்றைக் கொடுத்து, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். அடைமொழிகளை வெட்ட வேண்டும், உதாரணங்களை வெட்ட வேண்டும், ஒரே விஷயம் இரண்டு முறை வந்தால் ஒன்றை வெட்ட வேண்டும். பம்பாய் மாட்டுங்காவில் நான் படித்த பள்ளியில் அந்தக் கேள்விக்கு என் அளவுக்கு மதிப்பெண் வாங்கியவர்கள் இல்லை. கணக்குப் போடுவதைவிட அது எனக்குச் சுகமாக இருந்தது. பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில் என்னைத் தூக்கிவிட்டதும் அந்தத் திறமைதான். அதைக் கொண்டு ஒரு மனிதருக்கு நான் செய்ததை இப்போது எழுதுகிறேன். எழுத வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது.

அறுபதுகளில் செம்பூரில் இருந்த ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் மாறிப் போவேன். எங்கள் மேலாளர் கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். யாராவது பேச ஆரம்பித்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். கோபத்தினால் இல்லை, அது அவர் பழக்கம். ஆனால் அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒருமுறை, டப்பாக்கள் குறைந்த கதையைத் தனக்கு முன்பு இருந்தவர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து தொடங்கி, டப்பாவுக்கு வந்து சேர்வதற்குள் வெளியே அனுப்பப்பட்டுவிட்டார். எனக்கு அந்தக் கடிகாரம் பிடிக்கும். அது மேஜையில் அமர்ந்ததும் என் மனத்தில் வாக்கியங்கள் தாமாக வரிசையில் நின்றுகொள்ளும். நான் பேசி முடித்ததும் அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டே, "இப்படித்தான் பேச வேண்டும்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்.

கொஞ்ச நாளில், கூட்டங்களில் எப்படிப் பேசுவது என்று மேற்பார்வையாளர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் சனிக்கிழமை மதியங்களில் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என்னிடம் வந்தது. நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான். கேட்பவருக்குத் தேவையில்லாததை விட்டுவிடுங்கள். எது தேவையில்லாதது என்பதை யார் தீர்மானிப்பது என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த மாட்டுங்காக்காரர் ஒருவர் மட்டும் கேலி செய்வார்.

"உம்ம கிளாசுக்கு வர ஆரம்பிச்சதிலேர்ந்து ஆத்துல எனக்குப் பேச்சே இல்லை, ஓய். சாம்பார் எப்படின்னு கேட்டா, உப்பு கம்மின்னு ரெண்டே வார்த்தைல முடிச்சுடறேன். அவ நாள் முழுக்க என்னோட பேசறதில்லை."

"மிச்சமான நேரத்துல என்ன பண்றேள்?"

"உப்பில்லாத சாம்பார் சாப்பிடறேன்."

எல்லோரும் சிரித்தோம்.

தொழிற்சாலைக்குள் வேலை செய்தவர்களில் பலர் தாராவிக்காரர்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வார்னிஷ் காய்ச்சும் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்தவரும் அந்த ஊர்க்காரர்தான். அவருக்கு இங்கிலீஷ் பேச வராது, சொன்னால் புரியும். அவர்மூலம் வேலைக்கு வந்தவர்கள் அவருக்குச் சின்னச் சின்னக் காரியங்கள் செய்வது வழக்கம். சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், வேலை நேரத்திலேயே ஒருவரை ரேஷன் கடை வரிசைக்கு அனுப்புவார். இது எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்தார். "சீனி வருதாம் சார். உங்க கார்டையும் குடுங்க, நம்ம ஆளு எவனாவது போயி நிப்பான்" என்றார். எனக்கு அப்போதுதான் திருமணம் ஆகியிருந்தது. செம்பூரிலேயே புது வீட்டுக்குக் குடிவந்து, அங்கிருந்த கடையில்தான் கார்டைப் பதிந்திருந்தோம். மேஸ்திரியின் கார்டும் அதே கடையில்தான். மறுநாள் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். யார் நிற்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு கொப்பரை வார்னிஷ் கெட்டுப்போனது. எண்ணெய் சூடேறும்போது பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டதால் அளவு தாண்டிச் சூடேறி, முழுக் கொப்பரையும் கூழாக இறுகிவிட்டது. புகை கிளம்பியிருந்தது. இன்னும் சற்று விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும். கொப்பரைக்குப் பொறுப்பானவர் முப்பது வயதுக்குள் இருந்த ஒரு தொழிலாளி. தினக்கூலியாகப் பல வருடம் இருந்துவிட்டு, அந்த ஆண்டுதான் நிரந்தரமாகியிருந்தார். நிரந்தரமான தைரியத்தில் தாராவியில் கோலி என்று சொல்லும் ஒற்றை அறை ஒன்றைத் தனியாக வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து மனைவியை அழைத்து வந்திருந்தார். அனுமதி இல்லாமல் இடத்தை விட்டுப் போனார் என்று மேஸ்திரியே எழுதிக்கொடுத்துவிட்டார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அந்தத் தொழிலாளிக்குத் தெருவில் பேசும் அளவுக்கு ஹிந்தி தெரியும். ஆனால் மேலாளர், "அவர் தன் சொந்த மொழியிலேயே பேசட்டும், அதுதான் நியாயம்" என்றார். நியாயத்தை மனத்தில் வைத்துத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்."

அறையில் நான்கு பேர். மேஜைக்குப் பின்னால் மேலாளர். ஓரத்தில் மேஸ்திரி. நடுவில் அந்தத் தொழிலாளி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல். மேலாளருக்குப் பக்கத்தில் நான். கடிகாரம் மேஜைக்கு வந்தது.

அவர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"சார், நான் இந்த வேலைக்கு வந்ததே மேஸ்திரி அண்ணாச்சியாலதான். அத மொதல்ல சொல்லிருங்க. ஊர்ல அவுக வீடும் எங்க வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. பம்பாயில வந்து எறங்குன அன்னைக்கு அவுக கோலியிலதான் படுத்தேன், அவுக வீட்டுச் சோத்தத்தான் தின்னேன். அதனால அவுக மேல குத்தம் சொல்ல வரல. நடந்தத நடந்தபடி சொல்லுதேன், அவ்வளவுதான். அன்னைக்குக் காலையில எங்க குழாயில தண்ணி வரல. அடுத்த சால்ல, அந்த வரிசை வீட்டுக்காரங்க குழாயில போயி நின்னேன். என் பொஞ்சாதி ஊர்லருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது, அவளுக்கு இந்த வரிசைச் சண்டையெல்லாம் பழக்கம் கெடையாது, அதான் நானே நின்னேன். வேலைக்கு வரும்போதே கால் கழண்டு போச்சு. எண்ணைய ஊத்தி, சூடு ஏறிக்கிட்டு இருக்கு. அப்பம் அண்ணாச்சி வந்தாக. ஏல, சீனி வந்துட்டாம், கூட்டம் சேருததுக்குள்ள போயி நில்லு, கொப்பரைய நான் பாத்துக்கிடுதேன்னாக. காலையிலயும் வரிசை, இப்பமும் வரிசையான்னு மனசுக்குள்ள நெனச்சேன். வாயத் தொறக்கல. அவுக கார்டக் குடுத்தாக. கூட இன்னும் வேற கார்டும் இருந்துச்சு."

இந்த இடத்தில் அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரு வீட்டு கார்டுன்னுல்லாம் நான் பாக்கல சார். வாங்கிக்கிட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா ஒரே பொக. அண்ணாச்சிய காணல. டீ குடிக்கப் போயிருந்தாகளாம். அவுகளும் மனுசந்தான. இவ்வளவுதான் சார். சீனிக்குப் போகாட்டா நான் எடத்த விட்டு நவுந்திருக்க மாட்டேன்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தக் கார்டு என்னுடையது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் என்னைத் தாண்டிப் போய்விட்டு, மீதியை நான் சொல்வேன் என்று நின்றார். மேஸ்திரி தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள். "மேஸ்திரிக்குத் தான் கடமைப்பட்டிருப்பதாகவும், அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை என்றும் சொல்கிறார். அன்று காலை வீட்டில் தண்ணீர்த் தொல்லையால் களைத்துப்போய் வேலைக்கு வந்திருக்கிறார். கொப்பரையை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சற்று நேரம் வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது புகை வந்துவிட்டது."

பல வருடங்கள் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றையும் அவர் வாயிலிருந்துதான் எடுத்தேன். அவசரத்தில், பழக்கதோஷத்தில், நடுவே ஒன்று விட்டுப்போய்விட்டது என்றும் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. சீனி என்ற சொல் காதில் விழுந்ததுமே, அதை எந்த இடத்தில் வெட்டினால் காயம் தெரியாது என்று என் மனம் தேட ஆரம்பித்துவிட்டது. அதில் எனக்குப் பயிற்சி இருந்தது. பயத்தை விடவும் அந்தப் பயிற்சிதான் அன்று வேகமாக வேலை செய்தது. வாக்கியங்கள் நன்றாக அமைந்துவிட்டதில் ஒரு கணம் சந்தோஷமும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

மேலாளர் ஒன்று கேட்டார். "மேஸ்திரிக்கு எதிராக ஏதாவது சொல்ல விரும்புகிறாரா? கேளுங்கள்."

நான் தொழிலாளியிடம் கேட்கவில்லை. "இல்லை சார், அதைத்தான் முதலிலேயே சொன்னார்" என்றேன்.

மேலாளர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

மாலையில் தொழிற்சாலை கேட் அருகே அந்தத் தொழிலாளி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முடிவு அதற்குள் தெரிந்துவிட்டது. வேலை போய்விட்டது.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுப்பா."

"நான் அம்புட்டு நேரம் பேசுனேன். நீங்க சொன்னது ஒரு கையளவுதான் இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னியளா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான். சுருக்கமா வரும்."

"சீனிக்குப் போனதும் அதுல வந்துருச்சா?"

"எல்லாம் வந்தது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பம் சரி சார். சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. கேட்டவுக கேட்டுட்டாக" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் முதுகு கூட்டத்தில் மறையும்வரை நான் நின்றேன். கூப்பிட நேரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி ஒரு காகிதப் பையை என் மேஜையடியில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் மனைவி அதைப் பிரித்துப் பார்த்து, "ஏன்னா, நன்னா வெளுப்பா இருக்கே. யார் போய் நின்னா?" என்று கேட்டாள். ஆபீஸில் ஒருத்தர் என்றேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இனிப்பு செய்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அந்த விசாரணையை நான் நடத்திக்கொடுத்த விதம் மேலாளருக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. மற்ற கம்பெனிகளிலும் என்னைப் பேசக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு வருடங்கள் போயிருக்கும். ஒரு நாள் சயானில் ஒரு அரங்கில், தெளிவாகப் பேசுவது எப்படி என்று பேசிவிட்டு, கொடுத்த பூச்செண்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. தோல் கட்டு ஒன்றைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வேலை போன அந்தத் தொழிலாளிதான்.

"சௌக்கியமா?" என்றேன்.

"ம். இருக்கேன்."

"இப்ப எங்கே வேலை?"

"தோல் கிடங்கு."

"வீட்ல எல்லாரும்?"

"இருக்காக."

குழாயில் தண்ணீர் வராததிலிருந்து கதையைத் தொடங்கிய மனிதர் இவர். என் கேள்விகளுக்கு ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு சொல்லில் பதில் வந்தது. என் வகுப்பில் அப்படிப் பேசியிருந்தால் நான் பாராட்டியிருப்பேன்.

"அன்னிக்கு நான் சீனி விஷயத்தைச் சொல்லலை" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மேஸ்திரி அனுப்பினார்னு சொல்லலை. கொப்பரையைத் தான் பார்த்துக்கறேன்னு அவர் சொன்னதைச் சொல்லலை. கேட்டுல வச்சு உன்கிட்ட பொய் சொன்னேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்துத் தேர்வு, கடிகாரம், புதுக்குடித்தனம், கார்டு என்று எங்கெங்கோ போய்ப் போய் வந்தேன். ஒரு பஸ் வந்து போனது. இன்னொன்றும் போனது. அவர் ஓரிடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. முழுவதையும் கேட்டார்.

"அப்பம் அந்த மேனேஜர் சாப்புக்கு விசயமே தெரியாதா?"

"தெரியாது."

"நான் என்ன நெனச்சேன்னா சார்," என்று தொடங்கி நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போகச் சொன்னாருன்னு நெனச்சேன். நம்ம சொன்னா ஆளுக நம்ப மாட்டாக போலன்னு நெனச்சேன். பேச்சுல என்னமோ குத்தம் இருக்குன்னு. அதுக்கப்பறம் எங்கயும் வாயத் தொறக்கதில்ல."

என் கார்டு அதில் இருந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். அண்ணாச்சி சொன்னாக, ஆபீஸ் சார் கார்டு, கசங்காம பாத்துக்கன்னு. உங்களைச் சொல்ல வேண்டாமேன்னுதான் விட்டேன். நீங்களும் உங்க கார்ட விட்டுட்டு மத்ததச் சொல்லியிருக்கலாமே சார். யாரு கேக்கப் போறா?"

ஆமாம், சொல்லியிருக்கலாம். என் கார்டை வெளியே எடுக்காமலேயே அவர் வேலையைக் காப்பாற்றியிருக்கலாம். மேஸ்திரி தன் கார்டுக்குத் தானே பதில் சொல்லியிருப்பார், என் பெயர் வந்திருக்கவே வேண்டாம். அந்த வழியைத்தான் விசாரணையில் இவர் எனக்குச் செய்து கொடுத்திருந்தார். சுருக்குவதில் இத்தனை தேர்ந்த எனக்கு, விட வேண்டியது எது என்று இவர் காட்டியதுகூடக் கண்ணில் படவில்லை.

மேலாளரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டிருந்தார். கடிதம் எழுதலாம் என்றேன். பக்கத்தில் நின்றவர் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"வீட்டுக்கு வாங்க சார். பக்கந்தான். எம் பொஞ்சாதிகிட்ட ஒருக்கச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லியும் ஒரு சாப் வேலைய விட்டுத் தூக்குவானா, நீங்கதான் எங்கிட்ட எதையோ மறைக்கியன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லுதா. வார்னிஷத் திருடி வித்திருப்பேன்னு சால்ல யாரோ அவகிட்ட ஓதியிருக்காக. நான் சொன்னா எடுபடல."

இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் போக மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் தோல் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் நடந்தேன்.

கோலி வாசலில் அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஃபாக்டரியில இங்கிலீசுல எனக்காகப் பேசுன சார்" என்றார் அவர். அவள் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. கையில் இருந்த பூச்செண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே சொன்னேன். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எதை விட்டேன், ஏன் விட்டேன். அவர் திருடவில்லை என்றும் சொன்னேன். பக்கத்து வாசல்களில் இரண்டு மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். குரலைத் தணிக்கலாமா என்று தோன்றியது. தணிக்கவில்லை.

அவள் முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தன் புருஷனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தப்பு செய்தவரைப் போல.

"இத அங்க வச்சுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அதிக நேரம் ஆகியிருக்காது."

"அப்படியா" என்றாள்.

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அவரைக் கூப்பிடும் குரல் கேட்டது. "ஏங்க, அந்த ஆளு போயாச்சுன்னா உள்ள வாங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மொதல்லருந்து நீங்க சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வழியை விட்டு நகர்ந்தேன். அவர் உள்ளே போனார்.